உலோக வினையூக்கிப் பரப்பில் நிகழும் வினைகளைக் கணித்தல்: அறிகுறியிலிருந்து காரணத்தைத் தேடும் வழிமுறை

பிளாட்டினம், நிக்கல், ருத்தேனியம் போன்ற உலோகங்களின் பரப்பில் நிகழும் வினைகளை எலக்ட்ரான் அடர்த்தியிலிருந்து ஆற்றலைக் கணிக்கும், டி.எஃப்.டி. எனப்படும் அடர்த்திச் சார்பியல் கோட்பாட்டின் துணையோடு கணித்து, அதில் கிடைக்கும் ஆற்றல்களை, ஒவ்வொரு படியின் வேகத்திலிருந்தும் மொத்த வேகத்தை வருவிக்கும் நுண் வினைவேக மாதிரிக்குள் செலுத்துவோருக்காக இந்தக் குறிப்பு எழுதப்படுகிறது. இத்துறையில் பிழைச் செய்தியோடு நின்றுவிடும் கணக்கை எளிதில் சரிசெய்துவிடலாம். எந்த எச்சரிக்கையும் இல்லாமல் முடிந்து, தவறான எண்ணைத் தந்துவிட்டுப் போகும் கணக்கே ஆபத்தானது. ஆகவே எண்ணில் தெரியும் அறிகுறியிலிருந்து தொடங்கி, குறைந்த செலவில் சோதிக்கக்கூடிய காரணத்தை முதலிலும் செலவு மிகுந்ததைக் கடைசியிலும் பார்ப்பது நல்லது.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். நாம் பயன்படுத்தும் ஒவ்வொரு ஆற்றலும் இரண்டு பெரிய எண்களின் வேறுபாடு. ஸ்லாபின், அதாவது பரப்பைக் குறிக்கும் சில அணு அடுக்குகள் கொண்ட பலகையின், மொத்த ஆற்றல், பயன்படுத்தும் கணினி நிரலைப் பொறுத்து, சில நூறிலிருந்து பல்லாயிரம் எலக்ட்ரான் வோல்ட் வரை இருக்கும். நமக்குத் தேவைப்படுவதோ அதில் ஒன்றோ அரையோ. யானையை இருமுறை எடை போட்டு அதன் முதுகில் அமர்ந்த குருவியின் எடையைக் கண்டறிவதைப் போன்ற வேலை இது. இரண்டு முறையும் தராசு ஒன்றாகவே இருந்தாக வேண்டும். கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை தராசு மாறியதால் வந்தவையே.

பரப்புக் கவர்தல் ஆற்றல் நம்ப முடியாத அளவில் வருகிறது

தாமிரத்தின் (111) பரப்பு, அதாவது அணுக்கள் நெருக்கமாக அடுக்கிய படிகமுகம், கார்பன் மோனாக்சைடை வலுவற்றுத்தான் பிணைக்கும். ஒரு எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் குறைவான பிணைப்பையே எதிர்பார்க்க வேண்டும். உங்கள் கணக்கு மூன்று எலக்ட்ரான் வோல்ட் என்று சொன்னால், வேதியியல் விளக்கம் தேடுவதற்கு முன் மூன்று உள்ளீட்டுக் கோப்புகளையும், அதாவது மூலக்கூறு அமர்ந்த ஸ்லாப், வெற்று ஸ்லாப், தனித்த மூலக்கூறு ஆகியவற்றின் கோப்புகளை, பக்கத்தில் பக்கமாக வைத்து வரி வரியாக ஒப்பிடுங்கள். அலைத்தள வெட்டாற்றல் (கணக்கில் சேர்க்கும் அலைகளின் ஆற்றல் வரம்பு), சார்பி (எலக்ட்ரான்களின் பரிமாற்ற, ஒட்டுறவு ஆற்றலைத் தோராயமாகத் தரும் வாய்பாடு), போலிநிலையாற்றல் கோப்பு (அணுக்கருவையும் உட்கூட்டு எலக்ட்ரான்களையும் சேர்த்துக் குறிக்கும் தரவு) ஆகிய மூன்றும் மூன்று கணக்குகளிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆக்சிஜனுக்கு ஓரிடத்தில் மென்மையான போலிநிலையாற்றலும் மற்றோரிடத்தில் வழக்கமானதும் போயிருந்தால், அந்த வேறுபாடு அப்படியே விடையில் வந்து சேரும். இரண்டு ஸ்லாபுகளுக்கும் கே-புள்ளி வலையும் (எலக்ட்ரான் அலைகளைக் கணிக்க எடுக்கும் மாதிரிப் புள்ளிகள்) கூட்டின், அதாவது மீண்டும் மீண்டும் அடுக்கப்படும் பெட்டியின், அளவும் வெற்றிடத்தின் உயரமும் ஒன்றாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

அடுத்துத் தனித்த மூலக்கூறு. ஆக்சிஜன் மூலக்கூறின் அடிநிலை மும்மைநிலை. ஸ்பின் முனைவாக்கம் இல்லாமல் கணித்தால் ஏறத்தாழ ஒரு எலக்ட்ரான் வோல்ட் பிழை வரும். வாஸ்ப் என்ற டி.எஃப்.டி. நிரலில், பரவலாகப் பயன்படும் பி.பி.இ. சார்பியையும் வழக்கமான பி.ஏ.டபிள்யூ. அணுத்தரவுக் கோப்புகளையும் கொண்டு, போதிய பெரிய பெட்டியில் கணித்தால், ஹைட்ரஜனுக்கு −6.77, கார்பன் மோனாக்சைடுக்கு −14.78, ஆக்சிஜனுக்கு −9.86 எலக்ட்ரான் வோல்ட் என்ற அளவில் விடை வரும். இந்த மூன்று எண்களையும் மேசையருகே எழுதி ஒட்டி வைத்துக்கொள்வது வீண்வேலை அன்று. மூலக்கூறுக்கு, எலக்ட்ரான் நிரப்புகையைச் சற்றே மங்கலாக்கும், உலோகத்திற்கான ஸ்மியரிங் முறையைப் பயன்படுத்தாமல், சிறிய அகலமுள்ள காஸியன் ஸ்மியரிங்கையும் காமா புள்ளியை மட்டுமே கொண்ட வலையையும் கொடுங்கள்.

ஆக்சிஜனைப் பொறுத்தவரை இன்னொரு சிக்கலும் உண்டு. எல்லா அமைப்புகளும் சரியாக இருந்தாலும் பி.பி.இ. சார்பி ஆக்சிஜன் மூலக்கூறின் பிணைப்பை மிகைப்படுத்துகிறது. அணுவாக்க ஆற்றல் 5.2 எலக்ட்ரான் வோல்ட்டாக இருக்க வேண்டிய இடத்தில் ஏறத்தாழ 6.2 என்று வரும். கவரப்பட்ட ஆக்சிஜன் அணுவின் ஆற்றலை நீர், ஹைட்ரஜன் ஆகிய இரண்டையும் மேற்கோளாகக் கொண்டு குறிப்பிட்டு, நீர் உருவாகும் வினையின் சோதனை மதிப்பான, ஓர் ஆக்சிஜன் மூலக்கூறுக்கு −4.92 எலக்ட்ரான் வோல்ட் என்ற கிப்ஸ் ஆற்றலைப் பயன்படுத்திச் சுற்றுவழியாகச் செல்வதே நெடுங்காலமாகப் பின்பற்றப்படும் முறை.

வேறுபாடு பெரிதாக இல்லாமல் 0.1 முதல் 0.3 எலக்ட்ரான் வோல்ட் என்ற அளவில் உறுத்தினால், ஸ்லாபை நோக்குங்கள். அணிக்கோவை மாறிலி சோதனை மதிப்பாக இருக்கிறதா, அல்லது நீங்கள் பயன்படுத்தும் சார்பியே தந்த மதிப்பாக இருக்கிறதா? பிளாட்டினத்தின் சோதனை மதிப்பு 3.92 ஆங்ஸ்ட்ராம், பி.பி.இ. தருவது ஏறத்தாழ 3.97. சோதனை மதிப்பை அப்படியே எடுத்தால் அந்தச் சார்பியின் கண்ணோட்டத்தில் பரப்பு அமுக்கப்பட்ட நிலையில் இருக்கிறது, அதனால் பிணைப்பு வலிமையும் மாறும். அடுக்குகள் நான்குக்குக் குறைவாக இருந்தால் ஒன்றிரண்டு கூட்டிப் பாருங்கள். (111) பரப்பின் அறுகோணக் கூட்டுக்குக் காமா மையமுள்ள வலைதான் பொருந்தும். இரட்டை எண்ணிக்கையில் இடம்பெயர்ந்த வலையைக் கொடுத்தால் சமச்சீர்மை கெடும். நிக்கல், கோபால்ட், இரும்பு ஆகியவற்றில் தொடக்கக் காந்தத் திருப்புத்திறனைச் சுழியாக விட்டால் கணக்கு பெரும்பாலும் காந்தமற்ற நிலையிலேயே நின்றுவிடும். கணக்கு முடிந்ததும் உட்புற அணுக்களின் திருப்புத்திறன் நிக்கலில் 0.6, கோபால்ட்டில் 1.6, இரும்பில் 2.2 போர் மேக்னெட்டான் அளவில் வந்திருக்கிறதா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை.

தன்னிசைவுக் கணக்கு குவியாமல் ஊசலாடுகிறது

கிடைத்த எலக்ட்ரான் அடர்த்தியை மாறாத வரை மீண்டும் மீண்டும் உள்ளீடாகக் கொடுப்பதே தன்னிசைவுக் கணக்கு. மின்சுமை ஸ்லாபின் ஒரு முகத்திலிருந்து மறுமுகத்திற்குச் சாய்ந்து சாய்ந்து திரும்புவதே பெரும்பாலும் இதற்குக் காரணம். கூடு நீளமாக நீளமாக இது கடுமையாகும். புதிய அடர்த்தியைப் பழையதோடு கலக்கும் விகிதமான கலவை அளவுருவைக் குறைத்து, நீண்ட அலைநீளக் கூறுகளை அடக்கும் கெர்க்கர் முறையைச் சேர்த்து, தேவையானால் டேவிட்சன் தீர்வுமுறைக்கு மாறுங்கள். ஒரு முகத்தில் மட்டும் மூலக்கூறு அமர்ந்த ஸ்லாபுக்கு இரு முகங்களின் மின்சமமின்மையை ஈடுசெய்யும் இருமுனைத் திருத்தம் அவசியம் என்றாலும், முதல் சுற்றிலேயே அதை இயக்கினால் ஊசலாட்டம் கூடலாம். திருத்தமின்றி ஒருமுறை குவியவைத்து, கிடைத்த அலைச்சார்பிலிருந்து திருத்தத்தோடு மீண்டும் தொடங்குவது பெரும்பாலும் பலன் தருகிறது. இவை எதுவும் உதவாவிட்டால் அணு அமைப்பைத் திரையில் திறந்து பாருங்கள். இரண்டு அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருப்பது அரிதன்று.

மூலக்கூறு சோதனை சொல்லும் இடத்தில் அமர மறுக்கிறது

பிளாட்டினத்தின் (111) பரப்பில், குறைந்த நிரம்பலில் (பரப்பின் இடங்களில் சிறு பங்கே நிறைந்திருக்கும்போது), கார்பன் மோனாக்சைடு அணுவின் நேர்மேலே அமர்கிறது என்று சோதனைகள் ஐயமின்றிக் காட்டுகின்றன. பி.பி.இ. உள்ளிட்ட வழக்கமான சார்பிகளோ மூன்று அணுக்களுக்கு நடுவிலுள்ள குழியையே விரும்புகின்றன. பீட்டர் ஃபைபல்மன் உள்ளிட்டோர் 2001இல் இதைத் தெளிவாக முன்வைத்ததிலிருந்து இது ஒரு புதிராகவே பேசப்பட்டுவருகிறது. மூலக்கூறின் வெற்றுப் பை-எதிர்ப்பிணைப்பு ஆர்பிட்டாலின் ஆற்றல் மட்டத்தை இச்சார்பிகள் மிகத் தாழ்வாக வைத்துவிடுவதால், உலோகத்திலிருந்து அதற்குள் பாயும் எலக்ட்ரான் கொடை மிகைப்படுகிறது. பல அணுக்களோடு தொடர்புள்ள குழியில் இந்த மிகை அதிகம்.

கே-புள்ளியையோ அடுக்குகளின் எண்ணிக்கையையோ கூட்டி இந்த அறிகுறியைத் தீர்க்க முயல வேண்டாம்; குறை சார்பியிலேயே இருக்கிறது. ஹாமர், ஹான்சன், நோர்ஸ்கோவ் ஆகியோர் 1999இல் முன்வைத்த ஆர்.பி.பி.இ. சார்பி மிகைப் பிணைப்பைக் குறைக்கிறது, ஆனால் இடத்தேர்வை முழுமையாகச் சரிசெய்வதில்லை. இந்த நிலையில் நேர்மையான வழி ஒன்றுதான்: சோதனை காட்டும் இடத்தை மாதிரியில் பயன்படுத்தி, அதைக் குறிப்பிட்டு எழுதுவது. எந்த இடம் என்பதைக் கணித்த அதிர்வெண்ணைக் கொண்டும் சரிபார்க்கலாம். வாயுநிலையில் 2143 செ.மீ⁻¹ ஆக உள்ள கார்பன்-ஆக்சிஜன் நீட்சி, பிளாட்டினத்தில் அணுவின் நேர்மேலே 2100க்கு அருகிலும், இரண்டு அணுக்களுக்கு இடையிலான பாலத்தில் 1850க்கு அருகிலும் தோன்றும். பென்சீன் போன்ற பெரிய மூலக்கூறு பரப்பைவிட்டு விலகி மிதந்தால் காரணம் வேறு. வான்டெர்வால்ஸ் ஈர்ப்பு கணக்கில் இல்லை. டி3 திருத்தத்தையோ அதற்கென வடிவமைத்த சார்பியையோ சேர்க்க வேண்டும், எல்லாக் கணக்குகளிலும் சேர்க்க வேண்டும்.

இடைநிலை கிடைக்கவில்லை, அல்லது கிடைத்த தடையாற்றலுக்குப் பொருள் இல்லை

இடைநிலை என்பது வினைப்பாதையின் உச்சி; தொடக்கத்திலிருந்து அதன் உயரமே தடையாற்றல். முதலில் ஓர் எளிய விதி. வெப்பங்கொள் அடிப்படை வினையின் தடையாற்றல், எந்தத் திருத்தமும் சேர்க்காத ஆற்றல் அளவில், அந்த வினையின் ஆற்றல் மாற்றத்தைவிடக் குறைவாக இருக்க முடியாது. குறைவாக வந்தால் முனைகளில் ஒன்று வேறு நிலையிலிருந்து எடுக்கப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் நடப்பது இதுதான்: இடைநிலை ஒரே கூட்டில் கணிக்கப்பட்டிருக்கும், விளைபொருள்களோ தனித்தனிக் கூடுகளில், ஒன்றையொன்று உணராத தொலைவில் கணிக்கப்பட்டிருக்கும். இரண்டில் எதையும் பயன்படுத்தலாம், கலக்கக்கூடாது. அருகருகே இருக்கும் விளைபொருள்களிலிருந்து விலகிய விளைபொருள்களுக்குச் செல்வதைத் தனிப் படியாக எழுதுவது தூய்மையான தீர்வு.

இரண்டு நிலைகளுக்கிடையே பிம்பங்கள் எனப்படும் இடை அமைப்புகளின் சங்கிலியைக் கொண்டு பாதையைத் தேடும் நட்ஜ்டு எலாஸ்டிக் பேண்ட் கணக்கில் தொடக்கச் சுற்றிலேயே விசைகள் நூற்றுக்கணக்கில் எகிறினால், அணுக்களின் வரிசை எண்ணைச் சரிபாருங்கள். தொடக்க நிலையில் 37ஆம் அணுவாக இருந்த ஹைட்ரஜன் இறுதி நிலையில் 38ஆக எழுதப்பட்டிருந்தால், நேர்கோட்டு இடைச்செருகல் இரண்டு ஹைட்ரஜன்களையும் ஒன்றன் ஊடாக ஒன்றை இழுத்துச் செல்லும். அதேபோல் கூட்டின் விளிம்பைத் தாண்டிய அணு மறுபக்கத்தில் தோன்றியிருந்தால், பாதை முழுக் கூட்டையும் குறுக்கே கடக்கும். இரண்டு முனைகளுக்கும் இடையே ஒவ்வோர் அணுவும் எவ்வளவு நகர்கிறது என்ற பட்டியலை எடுத்துப் பார்த்தால் போதும். ஓர் உலோக அணு மூன்று ஆங்ஸ்ட்ராம் நகர்ந்திருப்பதாகப் பட்டியல் சொன்னால், குற்றவாளி அங்கேயே நிற்கிறார்.

பாதையின் நடுவில் பள்ளம் தெரிந்தால் அது பிழை அன்று. அங்கே ஓர் இடைப்பொருள் இருக்கிறது. அந்தப் புள்ளியைத் தனியே தளர்த்தி, பாதையை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். ஒரு பிம்பத்தை உச்சிக்கே ஏற்றும் ஏறும் பிம்ப முறையைப் பாதை ஓரளவு அமைதியடைந்த பிறகே இயக்க வேண்டும். தொடக்கத்திலேயே இயக்கினால் பிம்பம் தவறான முகட்டை நோக்கி ஏறிவிடக்கூடும்.

கற்பனை அதிர்வெண்கள் மிகுதியாகவோ, மெய் அதிர்வெண்கள் மிகச் சிறியவையாகவோ வருகின்றன

இடைநிலைக்கு, ஆற்றல் இறங்கும் திசையைக் காட்டும் கற்பனை அதிர்வெண் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். நிலையான அமைப்புக்கு ஒன்றும் கூடாது. கூடுதலாக வந்தது 50 செ.மீ⁻¹க்குக் குறைவாக இருந்தால் அது பெரும்பாலும் எண்ணியல் இரைச்சல். விசை எல்லையை ஆங்ஸ்ட்ராமுக்கு 0.01 எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் குறைத்து, தன்னிசைவு எல்லையையும் இறுக்கி மீண்டும் தளர்த்துங்கள். அதைவிடப் பெரியதாக இருந்தால் அந்த அதிர்வின் திசையில் அணுக்களைச் சற்றே தள்ளிவிட்டு, மீண்டும் தேட வேண்டும். எத்தனை அதிர்வெண்கள் வர வேண்டும் என்பதையும் எண்ணுங்கள்: உலோக அணுக்களை நிலைநிறுத்திக் கணித்த கவரப்பட்ட கார்பன் மோனாக்சைடுக்கு ஆறு, வாயுநிலையில் ஒன்று.

மிகச் சிறிய மெய் அதிர்வெண்கள் இதைவிடத் தீங்கானவை, ஏனெனில் அவை எந்த எச்சரிக்கையும் எழுப்புவதில்லை. சீரிசை அலைவு மாதிரியில், வெப்பநிலை போதிய அளவு உயர்ந்திருக்கும்போது, ஓர் அதிர்வின் பகிர்வுச் சார்பு (அந்த வெப்பநிலையில் எட்டக்கூடிய நிலைகளின் அளவு) அதன் அதிர்வெண்ணுக்கு எதிர் விகிதத்தில் இருக்கும். 50 செ.மீ⁻¹ ஆக இருக்க வேண்டிய ஓர் அதிர்வு இரைச்சலால் 10 என்று வந்தால் பகிர்வுச் சார்பு ஐந்து மடங்காகிறது. அப்படி இரண்டு அதிர்வுகள் இருந்தால் இருபத்தைந்து மடங்கு. அதுவே இடைநிலையில் நிகழ்ந்தால் வினைவேக மாறிலி இருபத்தைந்து மடங்கு மிகைப்படும், 500 கெல்வினில் தடையாற்றலில் 0.14 எலக்ட்ரான் வோல்ட் குறைந்ததற்கு அது சமம். 50க்குக் கீழுள்ள எல்லாவற்றையும் 50 என்றே கொள்வது பலர் பின்பற்றும் முரட்டுத் தீர்வு. எல்லா நிலைகளுக்கும் ஒரே மாதிரி செய்தால் ஏற்கத்தக்கது. பரப்பில் தங்குதடையின்றி நழுவும் மூலக்கூறுகளுக்குத் தடையுற்ற இடப்பெயர்ச்சி மாதிரியே பொருத்தமானது.

பரப்பு முழுவதும் கார்பன் மோனாக்சைடால் நிரம்பி, வேகம் சுழியாகிறது

நுண் வினைவேக மாதிரியை முதன்முதலில் இயக்குவோரில் பலர் காண்பது இந்தக் காட்சியைத்தான். வினையூக்கி நஞ்சாகிவிட்டது என்ற முடிவுக்குத் தாவ வேண்டாம். மூன்று காரணங்களை வரிசையாகப் பாருங்கள்.

முதலாவது, என்ட்ரோபி. வாயுநிலைக் கார்பன் மோனாக்சைடின் என்ட்ரோபியை வெப்பநிலையால் பெருக்கினால் 298 கெல்வினில் ஏறத்தாழ 0.61, 500 கெல்வினில் 1.10 எலக்ட்ரான் வோல்ட். பரப்பில் அமரும்போது இதன் பெரும்பகுதி இழக்கப்படுகிறது. மொத்த ஆற்றலை மட்டும் மாதிரிக்குள் போட்டால், இந்த அளவு பிணைப்பைக் கூடுதலாகக் கொடுத்ததாகவே பொருள். இரண்டாவது, முன்பு சொன்ன சார்பியின் மிகைப் பிணைப்பு.

மூன்றாவதுதான் பெரும்பாலும் விட்டுப்போவது: அண்டை மூலக்கூறுகளின் விலக்கம். 3×3 கூட்டில் ஒரு மூலக்கூறை வைத்துக் கணித்த ஆற்றல் ஒன்பதில் ஒரு பங்கு நிரம்பலுக்கு உரியது; அதை முழு நிரம்பலுக்கும் பொருத்தும்போது மாதிரி, இல்லாத பிணைப்பைக் கற்பித்துக்கொள்கிறது. குறைந்தது நான்கில் ஒன்று, இரண்டில் ஒன்று ஆகிய நிரம்பல்களிலும் கணித்து, நிரம்பலோடு ஆற்றல் எப்படிக் குறைகிறது என்பதை மாதிரிக்குள் எழுத வேண்டும். அதன் பிறகு நிரம்பல் தானாகவே இறங்கி, பரப்பில் காலி இடங்கள் தோன்றி, வேகம் உயிர்பெறும். இந்த ஒரு திருத்தத்தால் முடிவே தலைகீழாக மாறும் அமைப்புகள் உண்டு. நேரம் குறைவாக இருந்தால் வேறெதையும் விட்டாலும் இதை விடாதீர்கள்.

கவர்தல் வேகத்தையும் சோதியுங்கள். தடையற்ற படி என்பதால் போல்ட்ஸ்மான் மாறிலி, வெப்பநிலை ஆகியவற்றின் பெருக்கத்தைப் பிளாங்க் மாறிலியால் வகுத்த மதிப்பை அப்படியே கொடுத்தால், 300 கெல்வினில் நொடிக்கு 6 × 10¹² என்று வரும். ஆனால் மோதல் கோட்பாட்டின்படி, 300 கெல்வினில் 1 பார் அழுத்தத்தில் பிளாட்டினத்தின் ஓர் இடத்தின் மீது கார்பன் மோனாக்சைடு மூலக்கூறுகள் மோதுவதே நொடிக்கு ஏறத்தாழ 2 × 10⁸ தடவைதான். மோதுவதைவிட வேகமாக எதுவும் ஒட்ட முடியாது.

சமநிலையிலும் மாதிரி வினை புரிந்துகொண்டே இருக்கிறது

ஊட்டவாயுவின் இயைபைச் சமநிலை இயைபாகவே வைத்து இயக்குங்கள். நிகர வேகம் சுழியாக வேண்டும். ஆகாவிட்டால், முன்னோக்கு மாறிலிகளும் பின்னோக்கு மாறிலிகளும் தனித்தனியே உள்ளிடப்பட்டிருக்கின்றன, அல்லது ஒரே இடைப்பொருளுக்கு இரண்டு இடங்களில் இரண்டு ஆற்றல்கள் உள்ளன. பின்னோக்கு மாறிலியை எப்போதும் சமநிலை மாறிலியிலிருந்து வருவியுங்கள். மொத்த வினையின் ஆற்றலையும் சோதனையோடு ஒப்பிடுங்கள்: கார்பன் மோனாக்சைடும் நீராவியும் கார்பன் டைஆக்சைடும் ஹைட்ரஜனுமாக மாறும் வினையின் திட்ட என்தால்பி மாற்றம் மோலுக்கு −41 கிலோஜூல். கார்பன் டைஆக்சைடை விவரிப்பதில் வழக்கமான சார்பிகளுக்குக் குறை இருப்பதால், இந்த ஒப்பீட்டில் விலகல் வருவது வழக்கம். அதை வாயுநிலையில் திருத்தாமல் விட்டால் பரப்பின் படிகள் எல்லாம் அதைச் சுமக்கும்.

தீர்வி நின்றுவிடுகிறது, நிரம்பல்கள் குறை எண்களாகின்றன

வினைவேக மாறிலிகள் நொடிக்கு 10⁻³இலிருந்து 10¹³ வரை பரவியிருப்பதால் சமன்பாடுகள் மிகவும் விறைப்பானவை. விறைப்பான சமன்பாடுகளுக்குரிய உட்பொதி முறையைத் தேர்ந்து, வெற்றுப் பரப்பிலிருந்து நீண்ட நேரம் தொகையிட்டு, கிடைத்ததை நியூட்டன் முறைக்குத் தொடக்கமாகக் கொடுங்கள். எல்லா நிரம்பல்களின் கூடுதலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை சமன்பாட்டுத் தொகுதிக்குள் இருக்கிறதா என்றும் பாருங்கள். நிகழ்வுகளைச் சீரற்றுத் தேர்ந்து ஒவ்வொன்றாக நிகழ்த்தும் மான்டி கார்லோ உருவகப்படுத்தலில் நேரம் நகரவே இல்லை என்றால், நிகழ்வுகளில் பெரும்பகுதி, மூலக்கூறுகள் பரப்பில் இடம் மாறும் விரவலாகத்தான் இருக்கும். விரவலின் தடையைச் சற்று உயர்த்தி, முடிவு மாறவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, மேலும் உயர்த்தலாம்.

எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் சோதனையின் வேகத்தோடு பல மடங்கு வேறுபடுகிறது

முதலில் எவ்வளவு வேறுபாடு உண்மையில் கவலைக்குரியது என்று கணக்கிடுங்கள். 500 கெல்வினில் 0.1 எலக்ட்ரான் வோல்ட் பிழை வேகத்தைப் பத்து மடங்கு மாற்றும். 300 கெல்வினிலோ ஏறத்தாழ 48 மடங்கு. ஆகவே ஒன்றிரண்டு பத்தின் அடுக்குகள் வேறுபடுவது சார்பியின் துல்லிய எல்லைக்குள்தான் இருக்கிறது. அதை அளவுருக்களைத் திருகிச் சரிசெய்வது அறிவியல் ஆகாது.

வேறுபாடு அதைவிடப் பெரிதென்றால், நீங்கள் கணித்த இடம் வினை நிகழும் இடம்தானா என்று கேளுங்கள். ருத்தேனியத்தின் (0001) பரப்பில் நைட்ரஜன் மூலக்கூறு பிளவுறுவதை டால் உள்ளிட்டோர் 1999இல் ஆராய்ந்தபோது, பரப்பிலுள்ள படிக்கட்டு விளிம்புகளில் வேகம் சமதளத்தைவிடக் குறைந்தது ஒன்பது பத்தின் அடுக்குகள் அதிகம் என்று கண்டனர். விளிம்பு அணுக்கள் மொத்தத்தில் மிகச் சிறு பங்கே ஆயினும் வினை முழுவதும் அங்கேதான் நடக்கிறது. ஆகையால் சமதளத்தில் வேகம் மிகக் குறைவாக வந்தால், (211) போன்ற, படிக்கட்டு விளிம்புகள் கொண்ட பரப்பில் அதே வினைப்படியைக் கணித்துப் பாருங்கள். இரும்பின் மீது அம்மோனியா உருவாவதையும் பிளாட்டினத்தின் மீது கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனேற்றமடைவதையும் ஆராய்ந்து 2007இல் நோபல் பரிசு பெற்ற கெர்ஹார்ட் எர்டிலின் பணிகளிலும், பரப்பின் அமைப்பு வினையின் போக்கைத் தீர்மானிப்பதை மீண்டும் மீண்டும் காணலாம்.

எந்தப் படியைத் திருத்துவதில் நேரத்தைச் செலவிடுவது என்பதை உயர்ந்த தடையைப் பார்த்து முடிவுசெய்ய வேண்டாம். நிரம்பல்கள் குறுக்கிடுவதால் உயர்ந்த தடை எப்போதும் வேகத்தைக் கட்டுப்படுத்துவதில்லை. சார்லஸ் கேம்பல் வகுத்த வேகக் கட்டுப்பாட்டு அளவைக் கணக்கிடுங்கள்: ஒரு படியின் சமநிலை மாறிலியை மாற்றாமல் அதன் முன்னோக்கு, பின்னோக்கு மாறிலிகள் இரண்டையும் ஒரு சதவீதம் உயர்த்தி, மொத்த வேகம் எத்தனை சதவீதம் உயர்கிறது என்று பாருங்கள். ஒரே மொத்த வினையைக் கொண்ட மாதிரியில் இந்த அளவுகளைக் கூட்டினால் ஒன்று வர வேண்டும். வராவிட்டால் தீர்வு இன்னும் நிலைத்த நிலையை எட்டவில்லை. 0.8 என்று வரும் படிக்குச் சிறந்த சார்பியும் இறுக்கமான எல்லைகளும் பெரிய கூடும் தகும், 0.01 என்று வரும் படிக்கு ஏற்கெனவே செய்த கணக்கே போதும்.